பழைய பிரவுனிங் ஆட்டோ-5 துப்பாக்கிக்கு உதிரிபாகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வேட்டை உரிமம் எடுத்த நம்மவர்கள் பலர் முதலில் வாங்குவது பழைய பிரவுனிங் ஆட்டோ-5 என்ற தானியங்கி ஷாட்கன்தான். அடகுக் கடையில் நியாயமான விலைக்குக் கிடைக்கும், பார்க்கவும் அழகு. வாங்கிய மாதமே சந்தேகங்கள் தொடங்கிவிடும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

பின்பக்கம் கூன் விழுந்த மாதிரி இருக்கிற பழைய பிரவுனிங் ஒண்ணு வாங்கினேன். இதுக்கெல்லாம் இன்னும் பார்ட்ஸ் கிடைக்குமா?

கிடைக்கும், தாராளமாகவே. ஜான் மோசஸ் பிரவுனிங் 1900இல் காப்புரிமை பெற்ற வடிவம் இது. பெல்ஜியத்தின் ஹெர்ஸ்டால் நகரில் எஃப்.என். தொழிற்சாலை அதை 1970களின் நடுப்பகுதி வரை செய்தது. பிறகு ஜப்பானில் மிரோகு நிறுவனம் 1990களின் கடைசி வரை செய்தது. இத்தனை வருடம் ஓடிய துப்பாக்கி என்பதால், சிதைந்த துப்பாக்கிகளிலிருந்து கழற்றிய பாகங்களும் சந்தையில் ஏராளம்.

பாகம் கிடைக்காமல் தவிப்பவர்களைவிடத் தவறான பாகத்தை வாங்கிவிட்டுத் தவிப்பவர்களே அதிகம். வெளித்தோற்றம் நூறு வருடம் மாறாததால், உள்ளேயும் எதுவும் மாறியிருக்காது என்று நினைத்துவிடுகிறார்கள். உள்ளே மாறியிருக்கிறது. அதனால் பணம் எடுக்கும் முன் அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

என்கிட்ட இருக்கிறது பெல்ஜியமா ஜப்பானா, எந்த வருஷம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

குழலின் பக்கவாட்டில் செய்த நாட்டின் பெயர் இருக்கும். ஆனால் குழல் கழற்றி மாட்டக்கூடியது, யாரோ ஒருவர் ஜப்பான் குழலைப் பெல்ஜியத் துப்பாக்கியில் மாட்டியிருக்கலாம். அதனால் ரிசீவரில், அதாவது துப்பாக்கியின் உடல்பகுதியில், இருக்கும் வரிசை எண்ணை நம்புங்கள். 1960களின் கடைசியில் செய்த பெல்ஜியத் துப்பாக்கிகளில் இரண்டு இலக்கம், ஓர் ஆங்கில எழுத்து, பிறகு எண் என்று வரும். 68 என்று தொடங்கி ‘ஜி’ எழுத்து வந்தால் அது 1968இல் செய்த 12 போர் (போர் என்பது குழல் துளையின் அளவு) லைட் வகை. ‘வி’ எழுத்து 3 அங்குல நீளத் தோட்டாவுக்கான மேக்னம், ‘எஸ்’ எழுத்து ஸ்வீட் சிக்ஸ்டீன் என்ற எடை குறைந்த 16 போர், ‘இசட்’ எழுத்து 20 போர்.

ஜப்பான் துப்பாக்கிகளில் வருடத்தை இரண்டு எழுத்துகளில் மறைத்திருப்பார்கள். இசட் 1, ஒய் 2, எக்ஸ் 3, டபிள்யூ 4, வி 5, டி (T) 6, ஆர் 7, பி (P) 8, என் 9, எம் 0. ஆக ‘ஆர் டி’ என்றால் 1976, ‘பி எம்’ என்றால் 1980. போர் அளவு, மேக்னமா இல்லையா, நாடு, வருடம் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் விற்பவரிடம் பேச வேண்டும்.

இன்னும் இரண்டு இடம் பாருங்கள். முதலாவது சேஃப்டி. மிகப் பழையவற்றில் அது விசைக் காப்பு வளையத்தின் முன்பக்கம், உள்ளே சறுக்கும் நாக்காக இருக்கும். பிந்தியவற்றில் விசைக்குப் பின்னால் குறுக்கே அமுக்கும் பொத்தானாக இருக்கும். இரண்டின் விசைத் தட்டும் வேறு. இரண்டாவது, தோட்டாவைத் தூக்கும் கேரியர். காலியான துப்பாக்கியில், குழலின் பின்முனையில் உள்ள தோட்டா அறையை மூடும் போல்டைப் பின்னால் நிறுத்தி, முதல் தோட்டாவைக் கீழிருந்து தள்ளினாலே அது தானாக அறைக்குள் போகும் வசதி 1950களில் வந்தது. அது உள்ள துப்பாக்கியும் இல்லாத துப்பாக்கியும் ஒரே கேரியர் பாகங்களை ஏற்காது.

பார்ட்ஸ் எங்கே வாங்குறது? தபால்ல வீட்டுக்கே வருமா, இல்ல டீலர் மூலமாத்தான் வரணுமா?

பழைய பாகங்களுக்கு நியூயார்க் மாநிலத்தின் நியூம்ரிச், புது ஸ்பிரிங்குகளுக்குப் பென்சில்வேனியாவின் வுல்ஃப், கருவிகளுக்கும் மரம் ஒட்டும் பசைக்கும் அயோவாவின் பிரவுனெல்ஸ். முதலில் பார்க்க வேண்டிய மூன்று இடங்கள் இவை. நியூம்ரிச் தளத்தில் பிரித்து வைத்த துப்பாக்கியின் படம் எண்களோடு இருக்கும். பாகத்தின் பெயர் தெரியாவிட்டாலும் படத்தைப் பார்த்து எண்ணைச் சொல்லிவிடலாம். பழைய பாகம் வாங்கினால் இரண்டு பக்கமும் எடுத்த புகைப்படம் கேளுங்கள்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி ‘துப்பாக்கி’ என்பது ரிசீவர் மட்டுமே. அது உரிமம் பெற்ற டீலர் வழியாகத்தான் மாநிலம் விட்டு மாநிலம் வர முடியும். ஸ்பிரிங், வளையம், கட்டை, குழல் எல்லாம் பொதுவாகத் தபாலில் நேராக வீட்டுக்கு வரும். உங்கள் மாநிலச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம், முதலில் பார்த்துவிடுங்கள். குழலை வெட்டிக் குட்டையாக்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். 18 அங்குலத்துக்குக் குறைந்த குழலோடு ஷாட்கன் வைத்திருக்க 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனிப் பதிவு வேண்டும். பதிவு இல்லாவிட்டால் அது பெரிய குற்றம்.

ரெமிங்டன் 11 பார்க்க அச்சு அசல் இதே மாதிரி இருக்கு, பார்ட்ஸும் மலிவு. அதைப் போட்டா என்ன?

பெரும்பாலும் பொருந்தாது. பிரவுனிங்கின் அதே வடிவத்தை உரிமத்தோடு ரெமிங்டன் 1905 முதல் 1940களின் கடைசி வரை செய்தது. சேவேஜ் 720உம் அதே குடும்பம்தான். அண்ணன் தம்பி முகச்சாயல் இருக்கும், சட்டை அளவு வேறு. போல்ட், கேரியர், திருகுகள், கட்டைகள் எதையும் மாற்றி மாட்டலாம் என்று எண்ணி வாங்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பெல்ஜியத்தைப் பிடித்ததும், பிரவுனிங் நிறுவனம் தன் துப்பாக்கிகளை ரெமிங்டனிடம் செய்து வாங்கியது. மேலே பிரவுனிங் என்றே இருக்கும், செய்த நாடு அமெரிக்கா என்றிருக்கும். இதற்கு ரெமிங்டன் 11 பாகங்களைத்தான் தேட வேண்டும். பெல்ஜியப் பாகம் வாங்கிப் பொருந்தாமல் தவிப்பவர்களில் பலர் கையில் இந்தத் துப்பாக்கிதான் இருக்கிறது.

கழட்டப் போய் ஸ்க்ரூ தலையெல்லாம் சிதைஞ்சு போச்சு. கடையில இதே சைஸ் ஸ்க்ரூ கிடைக்குமா?

ஹார்டுவேர் கடையில் கிடைக்காது. இவற்றின் மரை அளவு அங்கே விற்கும் எதோடும் சேராது. கிட்டத்தட்டச் சேர்கிறது என்று முறுக்கினால் ரிசீவரின் மரை போய்விடும். ஒரு ஸ்க்ரூவைக் காப்பாற்றப் போய்த் துப்பாக்கியையே இழப்பதா? இந்தத் துப்பாக்கிக்கென்று விற்கும் ஸ்க்ரூவையே வாங்குங்கள்.

சிதைவதற்குக் காரணம் திருப்புளி. சாதாரணத் திருப்புளியின் முனை ஆப்பு வடிவில் சரிந்திருக்கும், முறுக்கும்போது காடியை விட்டு மேலே ஏறும். ஆட்டோ-5 ஸ்க்ரூ காடி மிகவும் குறுகல். பக்கங்கள் இணையாக அரைத்த கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) திருப்புளி வேண்டும், முனை காடியின் முழு நீளத்தையும் நிரப்ப வேண்டும். இன்னொன்று, பெரிய ஸ்க்ரூ சிலவற்றின் ஓரத்தில் கடுகு மாதிரிக் குட்டி ஸ்க்ரூ ஒன்று இருக்கும். அது பூட்டு. அதை முதலில் கழற்றாமல் பெரியதை முறுக்கினால் இரண்டும் கெடும்.

வீங்கி எழும்பிய தலையை எறிந்துவிடாதீர்கள். சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி உலோகத்தைக் காடியை நோக்கித் திருப்பி அனுப்பி, மெல்லிய ஊசி அரத்தால் காடியைச் சுத்தம் செய்து, மேலே இரும்பைக் கறுப்பாக்கும் திரவம் பூசினால் பல வருடம் ஓடும்.

முன்கட்டையைக் கழட்டினேன், வளையமும் ஸ்பிரிங்கும் கையோட வந்துடுச்சு. எந்த வரிசையில திரும்பப் போடணும்?

இந்தப் பக்கத்திலேயே மிக முக்கியமான கேள்வி இதுதான். உடைந்த முன்கட்டைகளில் (குழலின் அடியில் கை பிடிக்கும் மரம்) பெரும்பாலானவை வளையத்தைத் தப்பாகப் போட்டதால் உடைந்தவை. சுடும்போது இந்தத் துப்பாக்கியில் குழலும் போல்டும் பூட்டிக்கொண்டே ஒன்றாகப் பின்னால் ஓடும். அந்த ஓட்டத்தை நிறுத்துவது, தோட்டாக்களை வரிசையாக வைக்கும் மேகசின் குழாயைச் சுற்றியுள்ள பெரிய ஸ்பிரிங்கும், குழாயைக் கவ்விப் பிடிக்கும் வெண்கலத் துண்டும். வெண்கலத் துண்டு ஓரிடத்தில் பிளந்திருக்கும். குழலின் அடியில் உள்ள வளையம் அதன் சரிவில் அழுந்தும்போது பிளவு சுருங்கிக் குழாயை இறுக்கும். சைக்கிள் பிரேக் கட்டை வீல் ரிம்மைக் கவ்வுவது போலத்தான்.

சாதாரண 12 போரில் கனமான தோட்டாவுக்கு, அதாவது 1¼ அவுன்ஸ் (35 கிராம்) ரவை உள்ளதற்கு, ரிசீவர் பக்கத்திலிருந்து வரிசை இப்படி: முதலில் ஸ்பிரிங், அதன் முன் எஃகு வளையம், அதன் முன் வெண்கலத் துண்டு, கடைசியாகக் குழல். எஃகு வளையத்தின் ஒரு முகம் தட்டை, மறுமுகம் உட்புறம் சரிந்திருக்கும். சரிந்த முகம் வெண்கலத் துண்டைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் வெண்கலம் இரண்டு பக்கமும் நசுங்கி முழு பிரேக் பிடிக்கும். 1⅛ அவுன்ஸ் (32 கிராம்) வரையுள்ள லேசான தோட்டாவுக்கு எஃகு வளையத்தை எடுத்து ஸ்பிரிங்கின் பின்னால், ரிசீவரை ஒட்டிப் போடுங்கள். அங்கே அதற்கு வேலை எதுவுமில்லை, தொலையாமல் இருப்பதற்காகவே அந்த இடம். ஸ்பிரிங் நேராக வெண்கலத்தைத் தொடும்.

மேக்னத்தின் அமைப்பு வேறு, அதில் வெண்கலத் துண்டே இரண்டு. பல துப்பாக்கிகளின் முன்கட்டை உட்புறத்தில் வரிசைப் படம் ஒட்டியிருக்கும். எண்ணெய்க் கறையில் மங்கியிருந்தாலும் விளக்கடியில் பாருங்கள், அதுதான் இறுதி வார்த்தை. வளையங்களைத் தனித்தனியாக வாங்காமல் முழு செட்டாக வாங்குங்கள், விலை குறைவுதான். லேத்தில் கடைந்துகொள்ளலாம் என்று சிலர் முயல்கிறார்கள். வெண்கலத்தின் சரிவும் குழல் வளையத்தின் சரிவும் ஒன்றோடொன்று உட்காராவிட்டால் ஒரு சுடலுக்கு இறுகி மறு சுடலுக்கு வழுக்கும். அந்தச் சிரமத்துக்கு அதில் பலனில்லை.

கழற்றும்போது ஒரு கவனம். துப்பாக்கி காலி என்று அறையையும் மேகசினையும் கண்ணாலும் விரலாலும் பார்த்து, போல்டைப் பின்னால் நிறுத்தி, பின்கட்டையைத் தரையில் ஊன்றி, குழலைக் கொஞ்சம் கீழே அமுக்கிக்கொண்டே முனை மூடியைத் திருகுங்கள். குழல் இல்லாத நேரத்தில் போல்டை விடுவிக்கவே கூடாது. தடுக்க ஒன்றும் இல்லாமல் அது ரிசீவரில் மோதும்.

மேகசின் குழாய்க்கு எண்ணெய் போடணுமா, வேண்டாமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ஒரு துளியை விரலில் தொட்டுக் குழாய் முழுக்கத் தடவி, பிறகு துணியால் துடைத்துவிடுங்கள். மினுமினுப்பு தெரிய வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. எண்ணெய் வழிந்தால் பிரேக் வழுக்கிக் குழல் முழு வேகத்தில் பின்னால் மோதும், தோள் வலிக்கும், முன்கட்டை பிளக்கும். எலும்பு போல வறண்டிருந்தால் குழல் பாதியிலேயே நின்று காலித் தோட்டா வெளியே விழாமல் சிக்கும். சிக்கியதும் ஸ்பிரிங் போய்விட்டது என்று புதிது வாங்கப் போகாதீர்கள். முதலில் பழைய கசடை மெல்லிய எஃகுப் பஞ்சால் துடைத்து ஒருமுறை சுட்டுப் பாருங்கள்.

ஸ்பிரிங் தேஞ்சு போச்சான்னு எப்படித் தெரியும்? எல்லாத்தையும் ஒரேயடியா மாத்திடலாமா?

மூன்று ஸ்பிரிங்குகளைப் பிரித்துப் பாருங்கள். முன்கட்டைக்குள் இருக்கும் பெரிய ஸ்பிரிங் குழலை முன்னால் தள்ளுவது. வருட வரலாறு தெரியாத துப்பாக்கியில் இதைக் கேள்வியே கேட்காமல் மாற்றுங்கள். புதிதைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் பழையது சில சமயம் ஓர் அங்குலத்துக்கு மேல் குட்டையாகியிருப்பது தெரியும். அளவு 12, 16, 20 போருக்குத் தனித்தனி, மேக்னத்துக்கும் தனி.

இரண்டாவது பின்கட்டைக்குள் ஒரு குழாயில் ஒளிந்திருக்கும். போல்டை மூடுவது அதுதான். துடைக்க நினைத்து ஊற்றிய எண்ணெயெல்லாம் அங்கே போய்த் தார் மாதிரி உறைந்திருக்கும். போல்ட் சோம்பலாக மூடுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் ஸ்பிரிங்கின் தளர்ச்சியல்ல, இந்தத் தார்தான். பின்கட்டையைக் கழற்றி, குழாயின் கடைசியில் உள்ள அடைப்பை அமுக்கிப் பிடித்தபடி குறுக்குப் பின்னைத் தட்டி எடுத்தால் ஸ்பிரிங் வெளியே வரும். அமுக்கிய கையைச் சட்டென்று எடுத்தால் அது கூரை வரை பாயும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கரைப்பானில் ஊறவைத்துச் சுத்தம் செய்து, துருக்குழி இல்லாவிட்டால் அதையே போடலாம். இனிமேல் துப்பாக்கியைக் குழல் முனை கீழே இருக்கும்படி சாய்த்து வைத்தால் எண்ணெய் மரத்தை நோக்கி இறங்காது.

மூன்றாவது, உள்ளே ஃபயரிங் பின்னைத் தட்டும் சுத்தியலை இயக்கும் பட்டை ஸ்பிரிங். உடையாதவரை அதைத் தொட வேண்டியதில்லை.

உள்ளே ஒரு பட்டை ஸ்பிரிங் ரெண்டா ஒடிஞ்சிருக்கு. கிடைக்கல. பட்டறையில நானே செஞ்சுக்கலாமா?

கேரியர் ஸ்பிரிங் போன்ற தட்டைப் பட்டைகளைச் செய்யலாம், கஷ்டமான வேலையல்ல. பொறுமைதான் வேண்டும். ஒடிந்த இரண்டு துண்டும் உங்கள் அச்சு, தொலைத்துவிடாதீர்கள். சேர்த்து வைத்து நீளம், அகலம், இரண்டு முனையிலும் நடுவிலும் கனம், வளைவு எல்லாவற்றையும் காலிப்பரால் அளந்து வரையுங்கள். மென்மையாக்கிய 1095 என்ற கார்பன் மிகுந்த எஃகுத் தகடு வாங்கி, தகடு உருட்டிய திசை ஸ்பிரிங்கின் நீளவாக்கில் வரும்படி வெட்டுங்கள். அரம் போடுவதும் தேய்ப்பதும் நீளவாக்கில் மட்டுமே. குறுக்கே ஒரு கீறல் விட்டால் நாளை அங்கேதான் ஒடியும். விளிம்புகளை உருட்டிவிடுங்கள்.

வளைத்து வடிவம் வந்ததும் பழுக்கக் காய்ச்சுங்கள். செர்ரிப் பழச் சிவப்பு, சுமார் 800 டிகிரி செல்சியஸ். காந்தம் ஒட்டாமல் போனதற்குச் சற்று மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே வெதுவெதுப்பான எண்ணெயில் முழுதாக அமிழ்த்த வேண்டும். இப்போது அது கண்ணாடி போலக் கெட்டி, கீழே விழுந்தாலே உடையும். வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்துவிட்டு மறுபடி மெல்லச் சூடாக்குங்கள். வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா என்று நிறம் ஓடி நீலம் வரும், சுமார் 300 டிகிரி செல்சியஸ். அந்த நீலம் முழுப் பட்டையிலும் சீராகப் பரவினால் எடுத்து ஆறவிடுங்கள். வீட்டு ஓவன் பொதுவாக அந்தச் சூட்டுக்குப் போகாது. பட்டையில் எண்ணெய் பூசி அது பற்றி எரிந்து அணையும்படி இரண்டு மூன்று முறை செய்வது பழைய கைவினைஞர் வழி.

சோதனை வைஸில். கண்ணாடி போட்டு, துப்பாக்கிக்குள் எவ்வளவு வளையுமோ அவ்வளவு பத்து முறை வளைத்து விடுங்கள். வளைந்தே நின்றால் இரண்டாவது சூடு கூடிவிட்டது, ஒடிந்தால் இரண்டாவது சூடு போதவில்லை. இரண்டுக்கும் மருந்து மறுபடி முதலிலிருந்துதான்.

ரிசீவருக்குள்ள பின்பக்கம் ஏதோ தோல் மாதிரி பிஞ்சு தொங்குது. அது அழுக்கா, பாகமா?

பாகம்தான். போல்ட் பின்னால் வந்து ரிசீவரில் மோதாமல் தாங்கும் நார்த் துண்டு அது, ரிவெட் அடித்திருக்கும். எண்ணெயில் ஊறி, நசுங்கி, ஒருநாள் காணாமல் போகும். பிறகு இரும்பும் இரும்பும் மோதும். விலை மிகக் குறைவு, புதிதே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கெட்டியான வல்கனைஸ்டு நார்த் தகட்டில், பழையதன் நசுங்காத ஓரத்தின் கனத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். கனம் கூடினால் போல்ட் முழுதாகப் பின்னால் போய் நிற்காது. ரிவெட் தலை நாரின் மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்திருக்க வேண்டும்.

முன்கட்டையில விரிசல். ஒட்டினாப் போதுமா, புதுசு வாங்கணுமா?

மரம் பிரிந்து விழாதவரை ஒட்டலாம். ஆனால் ஏன் விரிந்தது என்பதற்கு வளைய வரிசையிலும் ஸ்பிரிங்கிலும் பதில் தேடிவிட்டுத்தான் பசையைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் ஒட்டியது பத்துத் தோட்டா தாங்காது. எண்ணெய் ஊறிய மரத்தில் பசை பிடிக்காது. அசிட்டோனில் நனைத்த துணியை விரிசல் மேல் வைத்து, காய்ந்ததும் மறுபடி வைத்து, துணியில் பழுப்புக் கறை வருவது நிற்கும் வரை செய்யுங்கள். ஆக்ராகிளாஸ் போன்ற மெதுவாக இறுகும் எபாக்சியை விரிசலில் விட்டு, மறுபக்கம் விரலால் உறிஞ்சுவது போல் அமுக்கினால் உள்ளே இறங்கும். பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டிச் சுற்றி இறுக்குங்கள், வளைந்த மரத்துக்கு அதைவிட நல்ல கிளாம்ப் இல்லை. உட்புறம் மெல்லிய கண்ணாடி நார்த் துணி ஒன்றை அதே பசையில் படிய வைத்தால் பலம் கூடும். குழாய் ஓடும் இடத்தில் பசை தடித்துவிடக் கூடாது.

புதிய முன்கட்டை வால்நட்டில் முக்கால்வாசி செதுக்கி வரும், மீதி உங்கள் கையில். ரிசீவர் முகத்தில் விளக்குக் கரி பூசி, கட்டையை அமுக்கி எடுத்தால் எங்கே முட்டுகிறதோ அங்கே கறுப்பு ஒட்டும். அதை மட்டும் சீவுங்கள். அழுத்தத்தைத் தாங்குவது உள்ளே உள்ள தடித்த மரமாக இருக்கட்டும். வெளிப்பக்க மெல்லிய ஓரம் மட்டும் முட்டினால் முதல் நாளே பிளக்கும். மூடியை முறுக்கியபின் கட்டை முன்னும் பின்னும் துளிகூட ஆடக் கூடாது.

பின்கட்டை வாங்குறப்போ உருண்டை, தட்டைன்னு கேட்கிறாங்களே, அது என்ன?

கைப்பிடியின் அடிமுனையைச் சொல்கிறார்கள். பெல்ஜியத் துப்பாக்கிகளில் சுமார் 1967 வரை உருண்டை, பிறகு தட்டை. வேலைக்கு வித்தியாசமில்லை, விற்கும்போது பொருந்தாத கட்டை விலையைக் குறைக்கும். பழைய கட்டை வாங்கினால் உப்பைச் சோதியுங்கள். 1960களின் பிற்பகுதியில் பிரவுனிங் சீக்கிரம் உலர்த்துவதற்காக உப்பில் பதப்படுத்திய வால்நட்டைப் பயன்படுத்தியது. அந்த மரம் தொட்ட இரும்பெல்லாம் துருப்பிடித்தது. பின்கட்டையின் கடைசியில் உள்ள பட் தகட்டைக் கழற்றி உள்மரத்தைக் கொஞ்சம் சுரண்டி, ஒரு துளி வெள்ளி நைட்ரேட் கரைசல் விட்டால், உப்பு இருந்தால் பால் போல வெளுக்கும்.

வாத்து வேட்டைக்கு எஃகு ரவைதான் போடணும்னு சட்டம். என் பெல்ஜியக் குழல்ல போடலாமா? வேற குழல் மாத்தலாமா?

போடாதீர்கள். பெல்ஜியத்தில் செய்த குழல்களில் எஃகு ரவை வேண்டாம் என்று பிரவுனிங்கே சொல்கிறது. சோக் எனப்படும் குறுகல் இருக்கும் முனையில் குழல் வீங்கி வளையம் தெரியும். 1991 முதல் அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவைகளுக்கு ஈயம் தடை என்பதால் இரண்டு வழி: பிஸ்மத் ரவை வாங்கலாம், விலை கூடுதல். இல்லையென்றால் திருகு சோக் உள்ள ஜப்பான் குழல் ஒன்றை மாட்டலாம். பெரும்பாலும் அப்படியே பொருந்தும், சிலவற்றுக்கு லேசாக அரம் பட வேண்டியிருக்கும். அந்தக் கைவேலையைக் கன்ஸ்மித்திடம் விடுங்கள், பூட்டும் இடம் சரியாக அடைகிறதா என்று அளந்து பார்க்க அவரிடம் கேஜ் இருக்கும். மேக்னம் குழலை மேக்னம் அல்லாத துப்பாக்கியில் மாட்டிவிட்டால் 3 அங்குலத் தோட்டா சுடலாம் என்பது தப்பு.

பழைய குழலின் இடது பக்கம் இருக்கும் நட்சத்திரக் குறிகள் சோக்கைச் சொல்வன. ஒன்று ஃபுல் (மிகக் குறுகல்), இரண்டு மாடிஃபைடு, மூன்று சோக் இல்லாத சிலிண்டர். ஒற்றை நட்சத்திரத்துக்குப் பின் சிறு கோடு வந்தால் இம்ப்ரூவ்டு மாடிஃபைடு, இரட்டைக்குப் பின் கோடு வந்தால் இம்ப்ரூவ்டு சிலிண்டர்.

16 போர் கிடைச்சிருக்கு. தோட்டா உள்ளே போகுது, ஆனா சுட்டா சிக்குது. ஸ்பிரிங்கா?

முதலில் சுடுவதை நிறுத்துங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய 16 போர் துப்பாக்கிகள் பல 65 மில்லிமீட்டர் (2 9/16 அங்குல) அறை கொண்டவை. இன்றைய தோட்டா 70 மில்லிமீட்டர் (2¾ அங்குலம்). அந்த அளவு தோட்டா வெடித்து வாய் விரிந்தபின் உள்ள நீளம். சுடாத தோட்டாவின் வாய் மடிந்து குட்டையாக இருப்பதால் சிறிய அறையிலும் அழகாக உட்காரும். வெடித்ததும் விரிய இடமில்லாமல் ரவையின் வழியை அடைக்கும், அழுத்தம் ஏறும். காலி உறை வெளியே வரும் சன்னலும் குட்டை என்பதால் சிக்கும். குழலின் அடியில் 16-65 அல்லது 16-70 என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கன்ஸ்மித் அறையை அளக்கட்டும். குழல் மட்டும் மாற்றித் தீராது, சன்னலும் தோட்டாவை வெளியேற்றும் பாகமும் சேர்ந்து மாற வேண்டும். 65 மில்லிமீட்டர் தோட்டாவே வாங்கிச் சுடுவது சிக்கனம்.

எதை நானே செய்யவே கூடாது?

சுத்தியலின் கொக்கி, விசையின் பிடிப்பு, சேஃப்டி, போல்டின் பூட்டு. இவற்றில் அரம் படக் கூடாது. விசை கனமாக இருக்கிறது என்று கொக்கியைத் தேய்த்தவர்களின் துப்பாக்கிதான் ஒருமுறை அமுக்கினால் இரண்டு முறை சுடுகிறது, போல்ட் மூடும் அதிர்ச்சியில் தானாக வெடிக்கிறது. அப்படி ஒருமுறை நடந்தாலும் தோட்டாவை எடுத்துவிட்டு நேராகக் கன்ஸ்மித்திடம் போங்கள். ஃபயரிங் பின், காலித் தோட்டாவை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் இரண்டையும் வாங்கிப் போடலாம், செய்ய வேண்டாம்.

ஊர்ல மாமாகிட்ட இதே துப்பாக்கி லைசன்ஸோட இருக்கு. ஒரு ஸ்பிரிங்தானே, பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போகலாமா?

கூடாது. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ‘துப்பாக்கி’ என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடக்கம். அமெரிக்காவில் சாதாரணப் பொட்டலமாக வரும் ஸ்பிரிங் சென்னை விமான நிலையத்தில் ஆயுதமாகிவிடும். பழுது பார்ப்பதற்கும் அங்கே உரிமம் வேண்டும். அதனால் மேலே சொன்ன பட்டறை வேலை எதையும் ஊரில் செய்யச் சொல்லாதீர்கள். மாமா தன் உரிமத்தோடு, உரிமம் பெற்ற பழுதுபார்க்கும் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும், பாகத்தையும் அவர்கள் வழியாகத்தான் பெற வேண்டும்.

எல்லாம் மாத்தி மாட்டியாச்சு. நேரா களத்துக்கு எடுத்துட்டுப் போகலாமா?

முதலில் தோட்டா இல்லாமல். குழல் முனையைப் பாதுகாப்பான திசையில், முகத்துக்கு எதிரே இல்லாமல் வைத்து, குழலைப் பிடித்துக் கடைசி வரை கீழே அமுக்கி விடுங்கள். போல்டும் சேர்ந்து போய், குழல் மட்டும் திடமாகத் திரும்பி வர வேண்டும். பிறகு மருந்தில்லாத பயிற்சித் தோட்டாக்களை மேகசினில் போட்டுக் கையால் ஓட்டிப் பாருங்கள். சேஃப்டியைப் போட்டு விசையை அமுக்கிப் பாருங்கள்.

சுடுதளத்தில் வளையங்களைக் கனத் தோட்டாவுக்கான வரிசையில் வைத்துத் தொடங்குங்கள். முதலில் ஒரே ஒரு தோட்டா. சரியாக வெளியேறினால் இரண்டு, பிறகு மூன்று. முதல்முறையே மேகசினை நிரப்பினால், இரட்டைச் சுடல் கோளாறு இருந்தால் நிறுத்த வழியிருக்காது. காலித் தோட்டா சில அடி தள்ளி விழுந்தால் சரி. காலடியிலேயே விழுந்தாலோ சன்னலில் சிக்கினாலோ லேசான வரிசைக்கு மாற்றுங்கள். வெகுதூரம் பறந்து, உதையும் பலமாக இருந்தால் பிரேக் பிடிக்கவில்லை, குழாயின் எண்ணெயைத் துடைத்து வெண்கலத் துண்டைப் பாருங்கள். இருபது தோட்டா ஆனதும் முன்கட்டையைக் கழற்றி உட்புறத்தை விளக்கடியில் பாருங்கள். புதிய விரிசல் தொடங்கினால் தலைமுடி அளவில் பின்முனையில்தான் முதலில் தெரியும்.